ஸ்லைடிங் கதவு சரியாகிவிட்டது, வேன் வேண்டாம்

மாசாய்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் தேவானந்தனுக்கு,

அத்தான் தியாகராஜா எழுதிக்கொள்வது. பத்து பகாட் ஊரில் நீரும் உம் மனைவி கிருஷ்ணகுமாரியும் நோய்நொடியின்றி இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே உம் அக்கா அன்னலட்சுமியும் நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். தொலைபேசியில் சொன்னால் குறுக்கே பேசுவீர் என்பதால்தான் கடிதம். பக்கத்து வீட்டு யுகேந்திரன் இதைப் படமெடுத்து உமக்கு அனுப்புவான்.

"பக்கவாதம் வந்தவங்கள சக்கர நாற்காலியில வாசலுக்குக்கூடக் கொண்டுபோக முடியல, கதவு அப்படி இறுகிக் கெடக்கு. ஒரு கதவப் பாத்துக்கத் தெரியல, அக்காவ எப்படிப் பாத்துக்குவீங்க? ஞாயித்துக்கிழமை வேன் கொண்டாந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போன வாரம் சொன்னீர். வடிகால் இலாகாவில் ஆயுளைக் கழித்த என்னிடம், ஒரு பழைய அலுமினியக் கதவை வைத்து இந்தப் பேச்சு. ஆகவே வேலையில் இறங்கினேன்.

முதலில் கதவு ஓடும் தண்டவாளத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அது பழையதல்ல, என்னுடையது என்று மறுநாள் காலை தெரிந்தது. பிறகு வழுக்கட்டும் என்று நல்லெண்ணெய் ஊற்றினேன், கதவு நகரவில்லை, மாசாயில் உள்ள எறும்பெல்லாம் நகர்ந்து வந்தன, தண்டவாளத்திலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து அன்னத்தின் காலுக்கும் அவை ஏறியதை நான் பார்க்கவில்லை, அவளால் குனிந்து தட்டிவிடவும் முடியாது, சொல்லவும் முடியாது, கண்ணில் நீர் வழிந்த பிறகுதான் பார்த்தேன். அன்று என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

அடிச்சட்டத்தில் சக்கரத்தை ஏற்றி இறக்கும் திருகாணி ஒன்று உண்டு. வலப்பக்கம் திருப்பினால் கதவு உயரும் என்று இரும்புக்கடையில் சொன்னார்கள். எனக்கு வலமா, கதவுக்கு வலமா என்று யோசித்துக்கொண்டே திருப்பியதில் கதவு தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த யுகேந்திரன், "அலமாக், ஐயையோ! விடுங்க அங்கிள், நான் வீடியோ பாத்துட்டேன், ஈஸிதான் லா" என்று, தேய்ந்த சக்கரங்களை மாற்றுவதற்காகக் கதவையே தூக்கிக் கழற்றினான், உடனே மழை வந்தது, சோபா நனைந்தது, தெருப்பூனை ஒன்று உள்ளே வந்து எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சுற்றிப் பார்த்தது. புதுச் சக்கரம் போட்டுக் கதவை மாட்டும்போது அன்னம் இடக்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தேன். விசிறியைத் திருப்பினேன். டிவி போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இருட்டியபின் பூட்டப் போனால் தாழ்ப்பாள் வாசல் பக்கம் இருக்கிறது! கதவை முன்பின்னாக மாட்டியிருக்கிறோம். அதைத்தான் அவள் அவ்வளவு நேரம் சொல்லியிருக்கிறாள். ஆயுள் முழுக்க இவளோடு வாழ்ந்தவன் நான், அவளுக்கு டிவி போட்டேன், மச்சான்.

மறுநாள் சரியாக மாட்டினோம். இப்போது ஒரு விரலால் தள்ளினால் போதும். நேற்று மாலை அவளை வாசலில் உட்காரவைத்தேன். தெருவில் போகிற மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எனவே வேன் வேண்டாம். அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

கிருஷ்ணகுமாரிக்கு என் ஆசிகள். உம் பிள்ளைகள் நிறைவாக வாழட்டும்.

இப்படிக்கு,
அத்தான் தியாகராஜா

பி.கு.: இதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. காலையில் குளிக்கக் கூட்டிப்போகும்போது அன்னம் என் கையிலிருந்து நழுவிவிட்டாள். நல்லவேளை, அடி எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு முயன்றும் என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. வாசலைப் பார்த்துக் கத்தினேன், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். யுகேந்திரன் ஷிஃப்டு முடிந்து வரும்வரை தரையில் அவள் பக்கத்திலேயே நானும் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாரும், மச்சான். வேனில் எனக்கும் ஓர் இடம் இருக்குமா?