வத்தலக்குண்டைத் தெரியாது என்ற கம்ப்யூட்டர்

நாகல் நகர், திண்டுக்கல்
ஜூலை 2004

மாதாவின் துணையோடு மஸ்கட்டில் இருக்கும் அன்பு மகன் ஸ்டான்லிக்கு அப்பா ஞானதாஸ் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும், உன் மனைவி ஜெசிந்தாவும், அவள் வயிற்றிலிருக்கும் ஏழு மாதமும் நலம். மின்சாரம்தான் அடிக்கடி சுகமில்லாமல் போகிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் ஹாலில் இருக்கிறது, ஜெசிந்தாவும் ஹாலில்தான் இருக்கிறாள். டாக்டரம்மா படுத்தே இருக்கச் சொன்னதும் கல்லூரி வேலைக்கு லீவு போட்டாள், நல்லதென்று நினைத்தேன். மறுநாளே ஒரு லோடு ஆட்டோவில் கல்லூரி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்கள் நாலு வந்து இறங்கின. எம்.இ. பிராஜெக்டாம். ஒரு பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக்கி மூன்று மெஷினில் வைத்து, எந்தத் துண்டு எங்கே என்று நாலாவது நினைவில் வைத்துக்கொண்டு, கேட்டவுடன் எல்லாம் சேர்ந்து கொடுக்க வேண்டுமாம். ஒன்றிலேயே வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். "ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல லாரித் தக்காளிய ஒரே ஆளு இறக்குனா எம்புட்டு நேரமாகும் மாமா?" என்றாள்.

அவள் குனியக்கூடாதென்பதால் மேஜைக்கடியில் தவழும் வேலை எனக்கு. அவள் கட்டிலில் படுத்துச் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டுவதும் நான்தான். கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதற்கொரு நம்பர். துண்டு போட்டு வைக்கும் இந்த ஃபைல் சிஸ்டமோ வேறு நம்பர் கெர்னலோடுதான் குடித்தனம் நடத்துவேன் என்றது. கிறிஸ்தவ வீட்டில் ஜாதகப் பொருத்தம் பார்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பிறகு மெஷின்களுக்குப் பேர் வைக்கச் சொன்னாள். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு வேறென்ன வரும்? நத்தம், அய்யலூர், கன்னிவாடி, வத்தலக்குண்டு என்று வைத்தேன். அங்கேதான் வினை. வத்தலக்குண்டு மெஷினில் அவள் இங்கிலீஷில் 'வி' போட்டு எழுதியிருக்கிறாள். நான் பஸ் போர்டில் 'பட்லகுண்டு' என்று உள்ளபடி மற்ற மூன்றிலும் 'பி' போட்டுவிட்டேன். அப்படி ஓர் ஊரே தெரியாது என்று மூன்றும் சாதித்தன. வயரை மாற்றினோம், பெட்டியைத் திறந்து தூசி தட்டினோம், நான் ஜெபமும் செய்தேன். கடைசியில் அவளே கண்டுபிடித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே ஊரத்தான மாமா சொல்லிருக்கோம், அதுக்குப் புரியலையே!" நீ விமானம் ஏறிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நாலும் சேர்ந்ததும் சோதனைக்கு உங்கள் கல்யாண வீடியோவை ஏற்றினாள். உன் மீசை நத்தத்தில், அவள் முந்தானை அய்யலூரில் என்று பிரிந்து கிடந்தும் படம் நன்றாகத்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து நான் வெஞ்சனத்துக்குத் தேங்காய் அரைக்கப் போனேன். மிக்ஸியைச் சொருகப் பிளக் பாயிண்ட் எதுவும் காலியில்லை. சும்மா இருப்பதுபோல் தெரிந்த கன்னிவாடியைப் பிடுங்கினேன். உனக்கு மோதிரம் போட அவள் கை நீட்டிய இடத்தில் படம் அப்படியே நின்றது. "ஒரு துண்டு போனாலும் மொத்தமும் போச்சு மாமா," என்று அழுதுவிட்டாள். நானும் கோபத்தில், "இந்த உடம்போட இதெல்லாம் தேவையா?" என்று கத்திவிட்டேன். சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்நேரம் பாலசமுத்திரத்திலிருந்து சம்பந்தியம்மா போன். "ஏனுங்க, புள்ளைய எப்பத்தானுங்க அனுப்பி வெப்பீங்க?"

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நீ அவளிடம் கண்டிப்பாகச் சொல்லு. படிப்பு எங்கும் ஓடிவிடாது. மெஷின்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தாய்வீட்டுக்குப் போகட்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

தேவன் உன்னை வெயிலிலும் வேலையிலும் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
ஞானதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜெசிந்தா கூப்பிட்டாள். "மாமா, அந்த ஒயர மட்டும் சொருகிட்டுப் போங்க."

"இன்னுமா விடல நீ?"

"புள்ள பொறந்தப்பறம் எல்லாரும் எனக்குப் புள்ளையத்தான் குடுப்பாங்க மாமா. இந்தப் படிப்ப யாரு குடுப்பா?"

செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைக்கடியில் நுழைந்தேன். கன்னிவாடி செத்த நேரம் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எழுந்தது. ஒரு துண்டும் போகவில்லை. மோதிரம் உன் விரலில் ஏறியது, அவளும் எழுந்து உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.

எனவே மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்லாதே. சம்பந்தியம்மாவை இங்கேயே வந்து இருக்கச் சொல்லிவிட்டேன். நீ பிரசவத்துக்கு முன்னால் லீவு கேட்டு வந்து சேர். வந்தால் ஹாலில் பாய் போட்டுத்தான் படுக்க வேண்டியிருக்கும். மெஷின்களால் ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் போனதால், உன் அறையை நாலு கம்ப்யூட்டருக்கும் கொடுத்துவிட்டேன்.