சுருளிராஜன் மூடிய நாடுகள்

சுருளிராஜன் ஒரு முடிவெடுத்தால் கம்பம் ஊரே நடுங்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இதுவரை நடுங்கியது அவர் மட்டும்தான். போலந்தில் வேலை பார்க்கும் மகள் அபிதா அங்கேயே ஒருத்தனைச் சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்றதும், நேரே சுருளி அருவிக்குப் போய் அவளைத் தலைமுழுகிவிட்டு வந்தார். மகள் உறவு போனதோ இல்லையோ, சளி பிடித்தது. மனைவி ஜோதிலட்சுமி கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

அதோடு விட்டாரா? வாழைத்தார் வியாபாரத்துக்காகக் கம்பெனி பெயரில் மெயில் வைத்திருந்தார். மகள் அதற்கு எழுதிக்கொண்டே இருந்தாள். கம்ப்யூட்டர் கடை மதன்குமாரைக் கூப்பிட்டார்.

“தம்பி, போலந்துலருந்து ஒரு மெயிலும் உள்ள வரக்கூடாது.”

“எந்த நாட்டுலருந்து வருதுன்னு பாத்து ஸ்பாமுங்கிற குப்பைப் பெட்டியில தள்ளிரலாம்ண்ணே. ஆனா நல்ல மெயிலும் சேந்து போயிருமே.”

“நல்லதாவது ஒண்ணாவது! எல்லா நாட்டையும் மூடு. இந்தியா மட்டும் தெறந்திருக்கட்டும்.”

“துபாய் ஆர்டரு?”

“மூடுறா!”

துபாய் ஆர்டர் போயிற்று. மூடியதற்குக் காரணமாக, லாட்டரி விழுந்திருப்பதாகத் திருட்டு மெயில் வந்து தொல்லை தாங்கவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டார். ஜோதிலட்சுமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அப்ப உள்ளூருல திருடனே இல்லையாக்கும்?”

“நம்ம மண்ணுக்காரன் ஏமாத்த மாட்டான்டி.”

“சரிங்க” என்றாள். அந்தச் ‘சரிங்க’வுக்கு அவர் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நாளில் உத்தமபாளையத்திலிருந்து முத்துவீரன் என்று ஒருவன் மெயில் போட்டான். நேந்திரன் வாழைக்கு எப்போது முட்டுக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தான். வீட்டில் பேச்சு செத்துப்போயிருந்த காலம். ‘ஐயா’ என்ற ஒற்றைச் சொல்லில் சுருளிராஜன் உருகிவிட்டார். வாழையில் தொடங்கித் தன் வயிற்றுவலி வரை எழுதித் தள்ளினார். அவனும் விடவில்லை. “மாத்திரை போட்டீகளா ஐயா?” என்று வீட்டு ஆள் மாதிரி விசாரிப்பான்.

“பாத்தியா? இந்தியா மட்டும் போதும்னேன்ல. தங்கமான பய!”

“தங்கந்தான்” என்பாள் ஜோதிலட்சுமி.

பிறகு ஒரு நாள் அந்த மெயில் வந்தது. முத்துவீரனோடு வாழ்ந்த உயிர் போய்விட்டதாம். ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, பிழைக்கவில்லை. கையில் குழந்தை. பிடிக்காத கல்யாணம் என்று அப்பா ஒதுக்கிவிட்டாராம். எழுதிப் பார்த்தும் பதில் இல்லையாம். பிணத்தை எடுத்துப் போடக்கூட ஆள் இல்லை ஐயா என்று முடித்திருந்தான்.

சுருளிராஜன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். முகம் தெரியாத ஒருவனுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜோதிலட்சுமி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் கண்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்.

“அவங்கப்பன் மனுசனாடி? பெத்த பிள்ள அநாதையா நிக்கிது, இவனுக்கு வீம்பு கேக்குதாக்கும்?”

“அதையே எழுதுங்க.”

எழுதினார். “உங்கப்பன் முட்டாப்பய. கேட்டுக்கிட்டுப் போகாத தம்பி, கேட்டா வேணாம்பான். பிள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா வாசல்ல போய் நில்லு. வெரட்டுனா என்கிட்ட சொல்லு, அவன நான் பாத்துக்கிறேன்.”

அதன்பின் முத்துவீரனிடமிருந்து பதிலே இல்லை. போய்ச் சேர்ந்தானோ, அவன் அப்பன் விரட்டிவிட்டானோ என்று சுருளிராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் அபிதா நின்றாள். பாதியாய் இளைத்திருந்தாள். தோளில் குழந்தை தூங்கியது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று சுருளிராஜன் தெருவை எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

“அவரு இல்லப்பா” என்றாள் அபிதா.

சுருளிராஜன் மனைவியைப் பார்த்தார். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை.

“அவ எனக்கு எழுதுவா. முத்துவீரன்னு பேரு போட்டு நான் இங்கன இருந்து ஒங்களுக்கு அனுப்புவேன். ஒங்க பதில அவளுக்கு அனுப்பிருவேன். மகளிர் குழுவுல மெயிலு போடச் சொல்லிக் குடுத்தாக. மருமகன் செத்தத மொத ஒங்களுக்குத்தான் எழுதுனா. இன்னும் அந்த ஸ்பாமுலதான் கெடக்கு.”

வெட்கமா துக்கமா என்று அவருக்குப் பிரிக்க முடியவில்லை. பழைய வீம்பு மட்டும் கடைசியாக ஒருமுறை தலைதூக்கியது. விரட்டலாம்தான். விரட்டுகிறவனைத் தானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

“என்னைய ஏமாத்திட்டியேடி” என்றார், கதவைப் பிடித்துக்கொண்டு.

“நம்ம மண்ணுக்காரிதான?” ஜோதிலட்சுமி அவர் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள். “நகருங்க. பிள்ள தேனி பஸ்ஸுலதான் வந்து எறங்கியிருக்கா. உள்நாடுதான், உள்ள விடுங்க.”