பன்றிக்கு வரவேண்டிய நாலாவது இடம்

ஒரு காட்டில் முதலில் துரோகம் செய்தது கொக்கு. புலியைப் பற்றிப் பிறகு பேசலாம். கொக்கைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

அந்தக் காட்டில் கிழங்குமேட்டுக் கல்லூரியின் கபடி மாஸ்டர் சொரிமுத்து என்கிற கிழட்டுக் காட்டுப்பன்றி. அவர் சேற்றைக் கிளறும்போதெல்லாம் பின்னாலேயே நடந்து, புழு பொறுக்கித் தின்று வளர்ந்தது அந்தக் கொக்கு. வயிறு நிறைந்து, கழுத்து நீண்டு, கடைசியில் கல்லூரிக் கபடிப் போட்டியின் தேர்வுக்குழுத் தலைவராகவும் ஆனது. அன்றிலிருந்து சொரிமுத்துவைக் கண்டால் ஒற்றைக் காலில் நின்றபடியே வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

அந்த வருஷம் அரையிறுதிக்கு நான்கு அணிகள். யானை, கரடி, காட்டெருமை மூன்றுக்கும் இடம் உறுதி. சண்டையெல்லாம் நாலாவது இடத்துக்குத்தான். சொரிமுத்துவின் பிள்ளைகள் ஆடிய ஆட்டமெல்லாம் ஜெயித்திருந்தார்கள். புலிகள் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்தன, அதுவும் இவர்களிடம். பாடிவந்த புலியைக் கணுக்காலில் பிடித்து, நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அமுக்கியதைக் காடே பார்த்தது.

அரையிறுதி ஆடியவர்களுக்குக் காட்டுக்காவலில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை உண்டு. பிள்ளைகள் அதை நம்பித்தான் வெயிலிலும் மழையிலும் உருண்டார்கள்.

குழு கூடியது. கொக்கு, மயில், ஆமை. சொரிமுத்துவை வாசலிலேயே நிற்கவைத்தன.

"பன்னி யாரைப் பெரிசா ஜெயிச்சுது? முயலை, மானை. இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றது மயில்.

"புலியையும்தாங்க ஜெயிச்சோம்" என்றார் சொரிமுத்து.

"அன்னிக்குப் புலிக்கு வயித்துவலி மாஸ்டர். அது கணக்குல சேராது."

"அப்போ புலி தோத்ததும் கணக்குல சேராதுங்களா?"

"அது சேரும்" என்றது கொக்கு. "எல்லா ஆட்டமும் ஜெயிச்ச அணிகிட்ட தோத்திருக்கு. கௌரவமான தோல்வி. அதை நாம மதிக்கணும்."

"எங்ககிட்ட தோத்ததுக்கா மதிப்பு?"

"ஆமா மாஸ்டர். உங்க பெருமையைத்தானே பேசிட்டிருக்கோம்."

ஆமை வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டியது. "பன்னிக்குத் தோத்த அனுபவமே இல்ல. அரையிறுதியில தோத்துட்டா மனசு உடைஞ்சுபோயிடும், பாவம்." மறுபடி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

மயில் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "புலி ஆடினா நேரலை பாக்க ஆளிருக்கு. பன்னி புரள்றதை எவன் பார்ப்பான்?" என்றது. அதோடு பேச்சு முடிந்தது.

நாலாவது இடம் புலிகளுக்குப் போனது. அரையிறுதியில் யானைகளிடம் உதைபட்டுத் திரும்பின. ஆனாலும் வேலை கிடைத்தது. மான்களைக் காவல் காக்கும் வேலை.

சொரிமுத்து அதிகம் படித்தவரில்லை. ஆனால் குழு எதை மதிக்கிறது என்பது தனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தார். அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "எல்லாரையும் ஜெயிங்க. புலிகிட்ட மட்டும் தோக்கணும்" என்றார்.

"எப்படித் தோக்கிறது மாஸ்டர்? பழக்கமில்லையே."

மழைக்காலம் முழுக்கப் பழக்கினார். பிடித்த காலை விட மனசு வராமல், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விட்டார்கள். ஆட்டத்தன்றும் அப்படியே விட்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். அந்த வருஷம் புலிகளோ யானையிடமும் தோற்று, கரடியிடமும் தோற்றிருந்தன.

குழு மறுபடி கூடியது. இந்த முறை சொரிமுத்து கூப்பிடாமலே உள்ளே போனார்.

"நாங்களும் கௌரவமாத் தோத்துட்டு வந்திருக்கோம். புலிகிட்ட."

கொக்கு காலை மாற்றி நின்றது. "பன்னி புலிகிட்ட தோக்கிறதுல என்ன கௌரவம் மாஸ்டர்? அது வழக்கம்தானே."

"போன வருஷம் நீ சொன்னது?"

"போன வருஷத்தை இன்னுமா மனசுல வச்சிருக்கீங்க? உடம்புக்கு ஆகாது."

நாலாவது இடம் மறுபடியும் புலிகளுக்கே போனது.

மறுநாள் காலை சொரிமுத்து சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். பின்னால் சளக் சளக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கொக்கு.

"சௌக்கியமா மாஸ்டர்?" என்றது, அலகில் புழு நெளிய.

"என் பிள்ளைகளோட இடத்தை எப்பத் தரப்போற?"

கொக்கு புழுவை விழுங்கியது.

"எந்த இடம்?"

நீதி: ஜெயிப்பதற்குப் பலம் இருந்தால் போதும். தோற்பதற்குத்தான் குலம் வேண்டும்.