மேனேஜரைக் கடைசி வரிக்கு அனுப்பிய விவகாரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் மாமியாரின் நலம் பற்றி உறுதியாக எழுத இயலவில்லை. மூன்று நாளாக என்னிடம் பேசுவதில்லை. காபி மேஜைக்கு வருகிறது, வார்த்தை வருவதில்லை.

எல்லாம் நீங்கள் அவளுக்குக் கம்ப்யூட்டரில் எழுதுவதற்குப் போட்டுக்கொடுத்த எடிட்டரால் வந்த வினை. அதில் அவள் நாவல் எழுதுவது தெருவுக்கே தெரியும், எனக்கு மட்டும் காட்டமாட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். திங்களன்று அவள் கடைக்குப் போன நேரத்தில் எதையோ தட்டினேன், அந்த எடிட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்த கான்ஃபிக் ஃபைல் திறந்துகொண்டது. முப்பத்து நான்கு வருஷம் சூப்பரின்டெண்டாக இருந்தவன், ஃபைல் கண்ணில் பட்டால் சும்மா மூடிவைக்க முடியுமா? உள்ளே பார்த்தால் அநியாயம்! தமிழில் தட்டச்சு செய்ய பிளகின் என்று ஒரு துணை ஆள், விட்ட பக்கத்தைத் திறந்து தர ஒரு பிளகின், இரண்டும் இரண்டு வருஷமாக மாடாய் உழைக்கின்றன; போன மாதம் நீங்கள் சேர்த்த பிளகின் மேனேஜர் முதல் வரியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பணிமூப்பு என்று ஒன்று கிடையாதா? அவரைக் கடைசி வரிக்கு அனுப்பி, ஒவ்வொரு வரி முடிவிலும் சுருக்கொப்பமும் தேதியும் போட்டுச் சேமித்தேன். மறுபடி திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. நாவல் இருந்த இடம் வெறும் வெள்ளை.

அன்றே உங்களைப் போனில் கூப்பிட்டபோது இந்த விவரத்தை நான் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. "ஒவ்வொரு பிளகினா முடக்கிப் பாருங்க மாமா, எது தகராறு பண்ணுதுன்னு தெரிஞ்சிடும்" என்றீர்கள். ஒருவர் விடாமல் சஸ்பெண்ட் செய்து விசாரித்துவிட்டேன், எவரும் அசைந்து கொடுக்கவில்லை. நேற்று அவள் அடுக்களையில் தனியாக நின்று அழுததைப் பார்த்தேன் மாப்பிள்ளை. லீவு போட்டுவிட்டு வந்து அந்த நாவலை எப்படியாவது திறந்து கொடுங்கள்.

உங்களுக்கும் என் மகளுக்கும் நீண்ட ஆயுளும், சிவப்பு எழுத்தே காணாத திரையும் வாய்க்க ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் மாமியார் என் முதுகுக்குப் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள். "மேனேஜர் முதல்ல வந்தாத்தானே மத்ததையெல்லாம் உள்ள கூப்பிட முடியும்? இதுல கையெழுத்து வேறயா!" என்று ஒப்பங்களை அழித்து, அவரை மேலே ஏற்றினாள். நாவல் வந்துவிட்டது. வந்த சந்தோஷத்தில் எனக்கே படிக்கக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் கதாநாயகியின் கணவன், ஒரு ரிட்டயர்டு சூப்பரின்டெண்ட், செத்துப்போகிறான். இரண்டாம் பக்கத்தில் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். அதற்குப் பிறகு முந்நூறு பக்கம் ஒரே குதூகலம். ஆகவே மேற்படி கோரிக்கையை ரத்து செய்து, வெள்ளிக்கிழமை வரை அது திறக்காமலிருக்க, இந்த முறை அவளால் கண்டுபிடிக்க முடியாதபடி, எந்த வரியை எங்கே மாற்ற வேண்டும் என்று மட்டும் உடனே போனில் சொல்லவும்.