பக்கத்து வீட்டுக்காரர் ஆன கதை

உத்தியோகத்திலிருந்து நாம் ஓய்வு பெறலாம். உத்தியோகம் நம்மிடமிருந்து ஓய்வு பெறுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு பழைய கண்டக்டர் இருக்கிறார். கோயில் திருவிழாக் கூட்டத்தில் நின்றால்கூட 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று முணுமுணுப்பார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் டீயைச் சுவைத்துத் தரம் சொல்லும் டீ டேஸ்டராக இருந்தவன். ஓய்வு பெற்ற என் வாய் என்ன செய்யக்கூடியது என்பதைக் குன்னூரில் ஒரு தூதரகக் கலை விழாவில் எண்பத்தாறு பேர் பார்த்தார்கள். (எண்ணித்தான் சொல்கிறேன். எண்ணாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.)

எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மறந்திருக்கலாம். நானே எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

என் மகள் ஜெசிந்தா வெலிங்டன் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த நாட்டு மொழியை ஐந்து வருடம் கணினி முன் உட்கார்ந்து படித்தவள். அங்கே போய் ஒரு வருடம் பயிற்சி பெற இந்த மலையிலிருந்து ஒரே ஒருவரை அனுப்பப் போகிறார்கள். போட்டியில் நான்கு பேர். விழாவுக்கு வரும் கலாச்சார அதிகாரி அம்மையார் அங்கேயே நால்வரோடும் பேசிப் பார்த்து முடிவு செய்வாராம். குடும்பத்தையும் அழைத்து வரலாம் என்று அழைப்பிதழில் இருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, விருந்தாளி வரும்போது ஓட்டை நாற்காலியை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்கிற பார்வை.

"அப்பா, வாங்க. ஆனா ஒண்ணும் பேச வேண்டாம். எது குடுத்தாலும் வாங்கிட்டு, தலைய மட்டும் குனியுங்க."

குனிய நான் நான்கு நாள் பழகினேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அன்றைக்குக் கிளம்பி, கேஸ் சிலிண்டரை மூடினேனா என்ற சந்தேகத்தில் நான் மூன்று முறை வீட்டுக்குத் திரும்பியதால் தாமதமாகிவிட்டது. (மூன்று முறையும் மூடித்தான் இருந்தது.) நாங்கள் நுழைந்தபோது விளக்கை அணைத்துப் படத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே, அந்த அம்மையாரிடம் ஜெசிந்தாவால் எங்களை அறிமுகப்படுத்த முடியவில்லை. நம் ஊர்க் கூட்டத்தில் கடைசி வரிசைதான் முதலில் நிரம்பும் என்பது உங்களுக்குத் தெரியும். காலியாக இருந்தது முன்வரிசை மட்டுமே. மற்ற போட்டியாளர்களோடு ஜெசிந்தா ஓரமாகப் போய் உட்கார, நானும் என் மனைவி மேரியும் மேடைக்கு நேர் முன்னால் உட்கார்ந்தோம்.

படத்தில் ஒரு கிழவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பிறகு மழை பெய்தது. ஊற்றிய தண்ணீர் வீண் என்று நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முழுப் படத்திலும் பதினொரு வசனம். அதற்குப் பிறகு ஒருவர் நீளமான தந்தி வாத்தியம் வாசித்தார். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு குளிர்காலம் போகும். முடிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை தனியாகக் கை தட்டினேன். மூன்றாவது முறை மேரி என் கையைப் பிடித்துத் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

விருந்துக்கு முன் தேநீர்ச் சடங்கு என்றார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேடையில் ஒரு பெண்மணி பச்சைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, மூங்கிலில் செய்த சின்னத் துடைப்பம் போன்ற ஒன்றால் நுரைக்க அடித்தார். ஒரே அமைதி. முதல் கிண்ணம் அவையில் மூத்தவருக்கு என்பது அவர்கள் வழக்கமாம். முன்வரிசையில் நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். அந்தப் பெண்மணி இறங்கி வந்து, முழங்காலிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினார். கலாச்சார அதிகாரி அம்மையாரும் எழுந்து நின்றுவிட்டார்.

குனிந்தேன். வாங்கினேன். அதுவரை நான் ஜெசிந்தாவின் அப்பா.

கிண்ணம் உதட்டில் பட்டதும் டேஸ்டர் விழித்துக்கொண்டார். டேஸ்டர்கள் டீயைக் குடிப்பதில்லை. காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பில் உறிஞ்ச வேண்டும். அது மேலண்ணத்தில் போய் அறைய வேண்டும். 'ஸ்ஸ்ர்ர்ப்' என்று நான் உறிஞ்சிய சத்தம் அந்தக் கூடத்தில், ஓட்டை பலூனைப் பிடித்து இழுத்ததுபோல் ஒலித்தது. வாயில் மூன்று சுற்று சுற்றினேன். அடுத்து துப்ப வேண்டும். தொழிற்சாலையில் அதற்கென்று இடுப்புயரத்தில் ஒரு பானையைக் காலருகே உருட்டிக்கொண்டே போவோம். இங்கேயும் என் காலருகில் அதே உயரத்தில், அதே அகல வாயோடு, கறுப்பாக ஒன்று இருந்தது. உள்ளே ஒரு குச்சியும் ஒரு பூவும் செருகியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

துப்பினேன். குறி தப்பவில்லை. பூவில் ஒரு சொட்டு படவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். தீர்ப்புச் சொன்னால் எழுதிக்கொள்ள எனக்குப் பின்னால் எப்போதும் ஒரு குமாஸ்தா நிற்பார். அந்தப் பழக்கத்தில் உரக்கச் சொன்னேன்:

"இலை வாடல் பத்தல. பச்ச வாடை அடிக்குது. அடுத்தது."

எண்பத்தாறு பேர் மூச்சுவிடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேரி எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

பதறி ஓடிவந்த ஜெசிந்தாவிடம் அதிகாரி அம்மையார் ஏதோ கேட்டார். என்னைக் காட்டித்தான் கேட்டார். ஜெசிந்தா பதில் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டில் பயிற்சி செய்யும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் திக்குகிறவள், அன்றைக்கு அந்த மொழியைக் கொட்டித் தீர்த்தாள். உறிஞ்சிக் காட்டினாள், துப்புவதுபோல் காட்டினாள், நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அம்மையாரின் முகம் மெல்ல இளகியது. கடைசியில் சிரித்தேவிட்டார். மகள் அப்பனைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்குக் கண் கலங்கியது.

விருந்து முடிந்து கிளம்பும்போது அம்மையார் என்னிடம் வந்தார். கூடவே தமிழ் தெரிந்த தூதரக இளைஞர் ஒருவர். என் கையில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

"ஐயா, இது ஜெசிந்தா மேடத்தோட அப்பாவுக்கு. காய்ச்சல்ல வர முடியலையாமே? நீங்க பக்கத்து வீடுதானே, மறக்காமக் குடுத்திருங்க. இப்ப எப்படி இருக்காராம்?"

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். மேரியைப் பார்த்தேன். அவள் யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"இப்பப் பரவால்லைங்க," என்றேன். "கொஞ்சம் முன்னாடிதான் ரொம்ப மோசமா இருந்தாரு."

தலையைக் குனிந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அந்தக் குனிவு மட்டும் பிரமாதமாக அமைந்தது.

வண்டி அருவங்காடு தாண்டியதும் மேரிதான் முதலில் சிரித்தாள். "ஏனுங்க பக்கத்து ஊட்டுக்காரரே, உங்க ஊடு வந்தாச் சொல்லுங்க. எறக்கி உட்டுர்றோம்."

ஜெசிந்தா தேர்வானாள். மற்ற மூவரும் மனப்பாடம் செய்ததைப் பேசினார்களாம். இவள்தான் வாயில் வந்ததைப் பேசினாளாம். ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பியும் வந்துவிட்டாள். அந்த அம்மையார் இன்றும் பண்டிகைக்குப் பண்டிகை ஃபோன் செய்து, அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். ஜெசிந்தா மனம் வந்தால் தேறிவிட்டது என்கிறாள். என்மேல் கோபமாக இருந்தால் மறுபடி காய்ச்சல் என்கிறாள்.

அடுத்த மாதம் அவர் ஊட்டிக்கு வருகிறாராம். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முக்கியமாக இரண்டு பேரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்: நோயாளியான அந்த அப்பா, வேடிக்கையான அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். யாராக நான் வருவது என்று மேரியிடம் கேட்டேன். அவள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னறையில் உட்கார்ந்து பேசிவிட்டு, பின்வாசல் வழியாக ஓடிப்போய் உள்ளறையில் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப சாப்பாடு?" என்றேன்.

"ஆளு ரெண்டானாலும் தட்டு ஒண்ணுதானுங்க," என்றாள் மேரி. "காய்ச்சக்காரருக்குக் கஞ்சி."