பதினேழாம் எண் விண்ணப்பம்

சைக்கிள் வாங்கி மூன்று மாதமாகியும் அது கூடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய அப்பா, ஞாயிறுதோறும் சமுதாயத்தைக் காப்பாற்றப் போய்விடுவார்.

"அப்பா, இந்த ஞாயிறாவது?" என்றாள் எட்டு வயது மகள். "லீவு முடிஞ்சா எல்லாரும் சைக்கிள்லதான் ஸ்கூலுக்கு வருவாங்க. நான் மட்டும் நடக்கணுமா?"

"சத்தியமா இந்த வாரம், கண்ணு."

"போன வாரமும் இதே சத்தியந்தான்," என்றாள் மனைவி, நறுக்கிய வெங்காயத்திடம்.

அவர் ஒரு பெரிய கம்பெனியில் சரக்குப் பிரிவு குமாஸ்தா. ஆறு நாள் மூட்டை எண்ணுவார். ஏழாம் நாள் கம்பெனியின் சமூகப் பொறுப்பு. அது கட்டாயமில்லை என்று மேனேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வராதவர் பெயரை மட்டும் சிவப்பு மையில் குறித்துக்கொள்வார்.

அந்த வாரம் மரக்கன்று நடும் வேலை. குமாஸ்தா இடுப்பைப் பிடித்தபடி மேனேஜர் அறைக்குள் போனார்.

"குனிய முடியல சார்."

"அடப்பாவமே! அப்ப குனியாத வேலையாப் பாரு. முதியோர் இல்லத்துல உக்காந்து கதை படி."

மறுவாரம் தொண்டை கட்டிக்கொண்டது. அதைக் காற்றுக் குரலில் சொன்னார். மேனேஜர் உருகிப்போனார்.

"குனிய முடியல, பேச முடியல. ஆனாலும் வந்து நிக்கறே பாரு! உன்னை மாதிரி ஆளுதான்யா வேணும். இனிமே ஒருங்கிணைப்பாளர் நீதான்."

ஒருங்கிணைப்பாளருக்கு ஞாயிறு போதாது; தினமும் வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் கூடுதல். முதல் பணி, 'ஓய்வு உங்கள் உரிமை' என்று நானூறு சுவரொட்டி எழுதுவது. முந்நூற்றுப் பதினோராவதன் மேல் அப்படியே தூங்கிவிட்டார். மை நெற்றியில் பதிந்தது. வீட்டில் மகள் அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி வாசித்தாள்: "உரிமை."

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, இனி உங்களை நம்பிப் பிரயோஜனமில்ல. நான் வேற வழி பாத்துக்கறேன்."

குமாஸ்தா அன்றிரவே கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நழுவியே ஆகவேண்டும். மேனேஜர் கண்காணிக்கிறார். எனவே மேனேஜரையே எங்காவது அனுப்ப வேண்டும்.

உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பகிர்ந்து கொடுப்பது ஒருங்கிணைப்பாளர் வேலை. உதவி பெறுபவர் கூச்சப்படக் கூடாதாம். அதனால் விவரமெல்லாம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். வெளியே எண்ணும் நாளும் மட்டும். குமாஸ்தா இருப்பதிலேயே நீளமானதைப் பொறுக்கினார். 'எண் 17. நான்கு ஞாயிறு.'

"சார், நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருக்கும்."

"முன்மாதிரியா? கொடுய்யா!"

அந்த ஞாயிறு மற்றவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதிலேயே குமாஸ்தாவுக்குப் பொழுது போய்விட்டது. திங்களன்று மேனேஜர் சிவந்த கண்களுடன் வந்தார். "அந்த வீட்ல என்ன சோகம்யா! விவரம் சொல்லக் கூடாது, விதி. ஆனா ஒண்ணு புரிஞ்சது. நாம செய்யற சேவை பத்தாது."

அன்றே எல்லோருக்கும் ஞாயிறு சேவை ஆறு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரமாக உயர்ந்தது. போதாததற்கு, சேவை நடக்கும் இடத்து வாசலில் வருகைப் பதிவேட்டுடன் காவலாளி. குமாஸ்தாவின் இடுப்பு இப்போது நிஜமாகவே வலித்தது.

நான்காவது ஞாயிறு. மறுநாள் பள்ளி திறக்கிறது. குமாஸ்தா மரக்கன்றைப் பாதிக் குழியில் விட்டுவிட்டு, வேலியைத் தாண்டி, முழங்கால் சேற்றோடு தன் தெருவுக்கு ஓடினார்.

தெருவில் மகள் தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தாள். காலைக்கூட ஊன்றவில்லை. வெகுதூரம் பின்னால், டையைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார் மேனேஜர்.

"அப்படித்தான் பாப்பா! நேராப் பாரு!" என்று அங்கிருந்தே கத்தினார்.

மகள் அப்பாவின் எதிரே அழகாக பிரேக் போட்டு நின்றாள்.

"கண்ணு! எங்க மேனேஜர் இங்க என்ன பண்றார்?"

மகள் உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாம அந்தச் சந்துக்குள்ள போயிடுங்கப்பா. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு எழுதிக் கொடுத்துத்தான் அம்மா அவரை வரவழைச்சிருக்காங்க."