எவ்வகை ஆவியாயினும்

இனிமேல் சாவதில்லை என்று அந்தப் புதன்கிழமை அவர் முடிவெடுத்தார்.

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு நிபந்தனையார் என்று பெயர். பத்திரங்களின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வருமே நிபந்தனைகள், அவற்றை எழுதுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக எழுதுகிறார். முடிவுத் தேதி இல்லாத பத்திரம் ஒன்றுகூட அவர் மேசையைத் தாண்டியதில்லை. "முடிவுத் தேதி போடாத பத்திரம் ஒருவழிக் கதவு. உள்ளே போனவன் வெளியே வரமாட்டான்" என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பார். அப்படிப்பட்ட புலி, சனிக்கிழமை மாலையானால் எலியாகிவிடும்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பல் டாக்டரும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருவார்கள். வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, வாயாலேயே அரக்கனின் கோட்டையைப் பிடிக்கிற விளையாட்டு. கதையை நடத்துகிறவர் பல் டாக்டர். வலிக்காது, வலிக்காது என்று சொல்லிக்கொண்டே ஆளைத் தீர்த்துவிடுவார். நிபந்தனையார் மூன்று வருடத்தில் உருவாக்கிய பதினோரு வீரர்களும் காபி ஆறுவதற்குள் ஆவியை விட்டார்கள். ஒருவன் கோட்டை வாசலில் கால் துடைக்கும்போதே போய்ச்சேர்ந்தான். அதற்கப்புறம் கீழே விழுகிற பகடையைப் பொறுக்கிக் கொடுப்பதுதான் அவருக்கு மிஞ்சிய வீரம்.

வருகிற சனிக்கிழமைக்கு ஒரு புது விதி என்று பல் டாக்டர் அந்தப் புதன்கிழமை அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொன்னார். வீரன் ஓர் ஆவியோடு ஒப்பந்தம் போட்டு வரம் வாங்கலாம். ஒவ்வொரு வரத்துக்கும் ஆவி ஒரு விலை கேட்கும். ஒப்பந்தத்தை ஆட்டக்காரரே எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தில் இல்லாத ஒருவர் ஆவியாக இருந்து படித்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஒப்பந்தம் எழுதலாம் என்று கேட்டதும் நிபந்தனையாருக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பு தின்னக் கூலியா என்று வீட்டுக்கு ஓடிவந்தார்.

"நான் ஒரு ஆவியைப் பிடிக்கப்போறேன்" என்றார் மனைவியிடம்.

"சளியா? போர்வை அலமாரியில இருக்கு."

"அந்த ஆவி இல்லம்மா. விளையாட்டுக்குப் புதுசா ஒரு பாத்திரம் பண்ணணும்."

"இருக்கிற பாத்திரத்தை முதல்ல தேய்ச்சுடுங்க. அப்புறம் புதுசு பண்ணலாம்."

தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வரங்கள் கொட்டின. கை ஈரத்தோடு ஓடிப்போய் எழுதிவிட்டு வந்து மறுபடி தேய்த்தார். முதல் வரம்: வீரன் தன் நிழலைக் கழற்றி முன்னால் அனுப்பலாம், குழி இருந்தால் நிழல் விழும், இவன் பிழைப்பான். விலை: நிழல் திரும்பும்வரை பொய் சொல்ல முடியாது. இரண்டாவது: மரியாதையாகக் கேட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். விலை: சொந்த வீட்டுச் சாவி எங்கே என்று மறந்துவிடும். அது ஏற்கெனவே அப்படித்தான் என்பதால் லாபம். மூன்றாவது: காற்றைப் பிடித்து முடிச்சுப் போடலாம். விலை: செருப்பு வார் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். எழுதி முடித்துத் தொட்டிக்குத் திரும்பினார். இவனை யமனே வந்தாலும் அசைக்க முடியாது என்று சந்தோஷத்தில் ஒரு தட்டை இரண்டு முறை கழுவினார்.

வியாழக்கிழமை இடி விழுந்தது. மாடியில் வீடு, கீழே மனைவியின் சலவைக்கடை. சனிக்கிழமை ஒரு ஹோட்டலிலிருந்து பரிமாறுகிறவர்களின் கோட்டு நாற்பது வருகிறதாம். இஸ்திரி போடுகிற அம்மாவுக்குக் கையில் கட்டு. "நாலு மணிக்குக் கீழே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பன்னிரண்டாவது வீரன் பிறக்கும் முன்பே சாவதா? நிபந்தனையார் பேனாவை எடுத்து நான்காவது வரத்தை எழுதினார்.

திட்டம் இதுதான். விளையாட்டுத்தானே என்று மனைவி ஆவியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சனிக்கிழமை கூப்பிட்டால் காகிதத்தை நீட்டிவிடலாம். போட்ட கையெழுத்தை மீறுகிறவள் அல்ல அவள். ரசீதைக் காட்டினால் தொலைந்த கைக்குட்டைக்குக்கூட மறுபேச்சில்லாமல் புதுசு வாங்கித் தருகிறவள்.

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவர் பொடி எழுத்து எழுதுகிறவர் என்றால், அவள் பொடி எழுத்துப் படிக்கிறவள். துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் எதையும் தண்ணீரில் நனைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து அவள் வாசித்தாள். "மனிதக் குரலில் வரும் எந்த அழைப்பும் சனிக்கிழமை மாலை நான்கு முதல் ஒன்பது வரை இவனை எட்டாது." நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கோட்டையிலயும் சனிக்கிழமை உண்டா?"

"எங்க போனாலும் வாரத்துக்கு ஏழு நாள்தானே."

"சரி. இதுக்கு விலை போடலையே."

"நீதானே ஆவி. நீயே கேளு."

"ஆவி கூப்பிட்டா வரணும். அவ்வளவுதான்."

"மனிதக் குரல்ல கூப்பிட்டா எட்டாதே" என்றார், தொழில் தெரிந்தவராக.

"விசிலடிக்கட்டும்."

நிபந்தனையாருக்குப் புல்லரித்தது. இருண்ட காடு, திடீரென்று ஒரு விசில், வீரன் வாளை உறையில் போட்டுவிட்டுத் திரும்புகிறான். இவளுக்குள் இப்படி ஒரு கற்பனையா என்று உருகிப்போனார். ஆவி விசிலடித்த கணமே கைவேலையை விட்டுவந்து, அது அடங்கும்வரை அருகிலிருந்து பணிசெய்வேன் என்று எழுதினார்.

"எந்த ஆவின்னு போடலை" என்றாள் அவள்.

பத்தொன்பது வருட அனுபவசாலிக்கு அது மானப்பிரச்சினை. 'எவ்வகை ஆவியாயினும்' என்று கொட்டை எழுத்தில் சேர்த்தார். அவள் கையெழுத்துப் போட்டாள், கடை முத்திரையும் குத்தினாள்.

சனிக்கிழமை ஆட்டம் களைகட்டியது. காபி ஆறியது, வீரன் சாகவில்லை. நிழலை முன்னால் அனுப்பினார்; நிழல் குழியில் விழுந்தது, இவன் தாண்டினான். டிரைவிங் மாஸ்டரே கைதட்டினார். கோட்டை வாசலில் பூட்டின் முன்னால் நின்று, நிபந்தனையார் கைகூப்பித் தொண்டையைச் செருமும்போது மனைவி படியேறி வந்தாள். அவர் காகிதத்தை நீட்டினார்.

"நான் கூப்பிடலையே" என்றாள் அவள். "காபி டம்ளர் எடுக்க வந்தேன்."

அந்த நேரம் பார்த்துக் கீழே நீளமாக ஒரு விசில் கேட்டது. படிக்கட்டு வழியாக வெள்ளையாகப் புகைபோல் ஏதோ ஏறி வந்தது. என்ன அது என்று பல் டாக்டர் கேட்டார்.

"ஆவி" என்றாள் மனைவி. "இஸ்திரி மெஷின் கொதி ஏறிடுச்சு."

"அது நீராவி" என்றார் நிபந்தனையார்.

"எவ்வகை ஆவியாயினும்னு நீங்கதான் எழுதினீங்க."

அவர் பல் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்.

"போயிட்டு வாங்க" என்றார். "வலிக்காது."

போனார். காலியான நாற்காலியில் வீரனைப் பார்த்துக்கொள்ள மனைவி உட்கார்ந்தாள். கீழே அவர் கோட்டு கோட்டாக அழுத்தினார், மேலே பகடை உருண்டது. பதின்மூன்றாவது கோட்டில் மேலே கைதட்டல். இருபத்தேழாவதில் மேசை குலுங்கியது. நாற்பதாவதை மாட்டிவிட்டு, மூச்சிரைக்க மாடிக்கு ஓடினார். அவருடைய வீரன் கோட்டைக்கு ராஜாவாகியிருந்தான்.

"அரக்கனை எப்படிக் கொன்னா?"

"கொல்லவே இல்லை" என்றார் மாஸ்டர், ஆனந்தக் கண்ணீர் வராத குறையாக. "கோட்டை உன்னுதுன்னா ரசீதைக் காட்டுன்னாங்க. அரக்கன்கிட்ட இல்லை."

மூன்று வருடத்தில் அவர் ஆள் ஒருவன் உயிரோடு இருப்பது இதுதான் முதல் தடவை. நிபந்தனையாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, உட்கார நாற்காலிதான் இல்லை. வருகிற சனிக்கிழமையும் அவளே ஆடட்டும் என்று பல் டாக்டர் சொன்னார். மாஸ்டர் அதற்கு முன்பே தலையாட்டிவிட்டார்.

நிபந்தனையார் நெஞ்சை நிமிர்த்தினார். ஒப்பந்தம் இன்றைக்கு மட்டும்தான் என்றார். முடிவுத் தேதியைக் காட்டக் காகிதத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். முத்திரைக்கு அடியில்கூடப் பார்த்தார்.

மெஷினை அணைக்காமல் ஓடிவந்திருந்தார். கீழே விசில் அடித்தது. படியிறங்கிப் போனார்.